உப்புநீர் மீன்தொட்டியை நன்னீராக்க: படிப்படியாகவா, ஒரேயடியாகவா?

தொட்டியில் மோலியோ கரிமீனோ இருந்தால் படிப்படியாக மாற்றுவதே சரி. 100 லிட்டர் தொட்டியில் வாரம் 25 லிட்டரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். 8 வாரத்தில் உப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். ஃபில்டரில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் கூடவே பழகிக்கொள்ளும். மதுரை வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. அதனால் வற்றியதை நிரப்புவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி 1.002-க்குக் கீழே போனபின் அதை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்ப முடியாது. கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ் மீட்டரில் தொட்டித் தண்ணீரும் ஊற்றும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் வேலை முடிந்தது.

ஒரேயடியாகக் கொட்டிக் கழுவுவது ஒரு நாள் வேலைதான், ஆனால் உப்புக்குப் பழகிய பாக்டீரியா முடங்கி அம்மோனியா ஏறும். பாக்டீரியா மறுபடி வளர்ந்து நிலைக்க (சைக்கிள் ஆக) 4 முதல் 6 வாரம். மீனே இல்லாத தொட்டிக்கு இது போதும். அடியில் பவளமணலோ கிளிஞ்சலோ இருந்தால் எந்த வழியிலும் அதை அள்ளித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பி.எச் (தண்ணீரின் காரத்தன்மை) இறங்காது.

உப்புநீர் தேவைப்படும் மீன்களான மோனோ, ஸ்காட் (scat), எட்டு வடிவக் கோடுள்ள பஃபர் மூன்றையும் உப்புத்தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நன்னீரில் சில மாதம் தாங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

புது மீன் உங்கள் குழாயைப் பொறுத்தது. கரிக்கும் போர் தண்ணீருக்கு கப்பி, மோலி, வாள்வால். மாநகராட்சித் தண்ணீர் என்றால் டெட்ராவும் ஏஞ்சலும் வளர்க்கலாம், ஆனால் இரண்டையும் சேர்த்தல்ல: வளர்ந்த ஏஞ்சல் நியான் டெட்ராவை விழுங்கும். குளோரின் போக்கியை மறக்காதீர்கள்.