எஃப்-250, ரேம் 2500, சில்வராடோ 2500: எந்த வண்டிக்கு எந்த லிஃப்ட்?

அமெரிக்காவில் முக்கால் டன் வகுப்பு என்று சொல்லும் ஹெவி டியூட்டி பிக்கப்புகளில் அதிகம் கண்ணில் படுபவை ஃபோர்டு எஃப்-250, ரேம் 2500, ஷெவர்லே சில்வராடோ 2500எச்டி ஆகிய மூன்றும்தான். டிரெய்லர் இழுப்பதற்காக வாங்கியவர்களுக்கும் கொஞ்ச நாளில் வண்டியை உயர்த்திப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. கடையில் கேட்டால் சில நூறு டாலரில் முடியும் ஸ்பேசரும் (ஸ்பிரிங்கோடு வைத்து உயரம் கூட்டும் இடைத்துண்டு) காட்டுவார்கள், பல ஆயிரம் டாலர் போகும் முழு கிட்டும் காட்டுவார்கள். பெட்டிமேல் பெரிதாக இருப்பது எத்தனை அங்குலம் என்ற எண். நான் அந்த எண்ணைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முன்பக்க சஸ்பென்ஷன் எந்த வகை, பின்னால் எவ்வளவு எடை ஏறப்போகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் எத்தனை அங்குலம் என்பது தானாக முடிவாகிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபோர்டும் ரேமும், 4x4 மாடல்களில், முன்னாலும் பின்னாலும் முழு ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு) உள்ள வண்டிகள். லிஃப்ட் போட்டால் சேஸியும் பாடியும்தான் மேலே போகும். ஆக்ஸிலின் நடுவே தொங்கி, கல்லில் இடிக்கும் டிஃபரென்ஷியல் என்ற கியர் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 33 அங்குல டயரைக் கழற்றி 37 மாட்டினால் அடியில் கிடைப்பது 2 அங்குலம். லிஃப்டின் வேலை அந்தப் பெரிய டயருக்கு இடம் கொடுப்பது. அதனால் எந்த டயர் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு லிஃப்டைத் தேடுவதுதான் சரியான வரிசை. பெரும்பாலும் 35 அங்குல டயரே போதும். எஃப்-250 சேர்ந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி வரிசையிலும் ரேமிலும் முன்பக்கம் 2 முதல் 2.5 அங்குலம் உயர்த்தினாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

அந்த 2.5 அங்குலத்துக்கே இரண்டு வழிகள். ஒன்று, காயில் ஸ்பிரிங் தலையில் ஸ்பேசர் வைப்பது. மலிவு, அரை நாள் வேலை. ஆனால் ஷாக் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் குழிக்குள் இறங்கும் தூரம் குறைந்து ஷாக் முழுதாக நீண்டு டக்கென்று அடிக்கும். அதனால் நல்ல ஸ்பேசர் கிட்டில் ஷாக்குக்கு நீட்டிப்பு பிராக்கெட்டாவது இருக்கும். இன்னொன்று, ஸ்பிரிங்கையே மாற்றி அதற்கேற்ற நீள ஷாக்கும் போடுவது. கார்லி, தூரன் போன்ற நிறுவனங்கள் பெயர் வாங்கியது இதில்தான். தூரன் முக்கியமாக ரேமுக்குச் செய்கிறது, கார்லி ஃபோர்டுக்கும் ரேமுக்கும் தருகிறது. இந்த ஸ்பிரிங்குகளை வாங்கும்போது டீசலா பெட்ரோலா என்று கேட்பார்கள். கம்மின்ஸ் போன்ற டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. பெட்ரோல் வண்டியில் டீசல் ஸ்பிரிங் மாட்டினால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும், பயணமும் குலுக்கும்.

என்னைக் கேட்டால் ஸ்பேசருக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள விலை வித்தியாசம் கொடுக்கத் தகுந்ததுதான். அவ்வளவு முடியாதென்றால் ஸ்பேசரோடு நல்ல ஷாக் நான்கு வாங்குங்கள். உயரம் அதேதான், ஓட்டும் சுகம் வேறு.

4 அங்குலம், அதற்கு மேல் என்று போகும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. சூப்பர் டியூட்டியில் 2005 முதல் முன்னால் காயில் ஸ்பிரிங்; ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை ரேடியஸ் ஆர்ம்கள். ரேம் 2500-ம் 2014 முதல் அதே முறைக்கு வந்துவிட்டது. வண்டி உயர்ந்தால் அந்த ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும், கூடவே ஆக்ஸில் திரும்பி காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் நெடுஞ்சாலையில் அங்குமிங்கும் அலையும். இதைச் சரிசெய்ய சில கிட்டுகள் ஆர்மின் பின்முனையை இறக்கும் டிராப் பிராக்கெட் தருகின்றன. வேறு சில, கோணம் திருத்திய புது ஆர்மையே தருகின்றன. சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு டிராப் பிராக்கெட் நல்ல தீர்வு, ஆர்ம் பழைய கோணத்துக்கே வருவதால் ஓட்டம் கம்பெனி வண்டி மாதிரியே இருக்கும். ஆனால் அது சேஸிக்குக் கீழே தொங்கும், பாறைப் பாதையில் முதலில் இடிபடுவதும் அதுதான். காட்டுக்குள் போகிறவர்கள் புது ஆர்ம் வாங்குவது நல்லது.

டிராக் பார் இன்னொரு முக்கியமான துண்டு. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அது. வண்டியை உயர்த்தினால் ஆக்ஸில் ஓட்டுநர் பக்கம் இழுபடும். நீளம் மாற்றக்கூடிய டிராக் பாரோ, அதன் பிராக்கெட்டோ கிட்டில் இருக்கிறதா பாருங்கள். டிராக் பாரும், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கும் (drag link) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஒன்றை மட்டும் இறக்கி மற்றதை விட்டுவிடும் கிட், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

முழு முன் ஆக்ஸில் வண்டிக்காரர்கள் எல்லோரும் பயப்படும் 'டெத் வாபிள்' இந்த இடத்தில்தான் எட்டிப்பார்க்கும். நல்ல வேகத்தில் போகும்போது பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும், உடனே ஸ்டீயரிங்கும் முன்பக்கமும் வெறிபிடித்தது போல் ஆடும், வேகம் குறையும்வரை நிற்காது. பலர் ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மாற்றி மறைத்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் தளர்ந்த டிராக் பார் முனை, தேய்ந்த பால் ஜாயின்ட், குறைந்த காஸ்டர் போன்றவை. கண்டுபிடிக்கும் வழி எளிது. வண்டி தரையில், சக்கரங்களில் எடை நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும். இன்னொருவர் அடியில் பார்த்து, டிராக் பார் இணைப்பின் மேல் விரல் வைக்கட்டும். போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே துளி அசைவு விரலில் தெரிந்தாலும் அதுதான் குற்றவாளி. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கவும் கூடாது. வண்டியை இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் நிற்கவைத்துத்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

சில்வராடோ 2500எச்டி வேறு ஜாதி. முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும், காயிலுக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. அதன் முனையைப் பிடிக்கும் கீ என்ற துண்டை மாற்றி முறுக்கினால் முன்பக்கம் 1.5, 2 அங்குலம் உயரும். செலவு குறைவு என்பதால் எல்லோரும் கைவைப்பது இதில்தான். ஆனால் முறுக்க முறுக்க மேல் கன்ட்ரோல் ஆர்ம் அதன் கீழ்த் தடுப்புக்கு நெருங்கிவிடும். சின்னப் பள்ளத்துக்கே 'டம்' என்று சத்தம் வரும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணமும் கூடும். காக்னிட்டோ போன்றவர்கள் தரும் மேல் கன்ட்ரோல் ஆர்மைப் போட்டால் பால் ஜாயின்ட் கோணமும் அலைன்மென்ட்டும் சரியாகும், சிவி கோணம் அப்படியே இருக்கும். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் டிஃபரென்ஷியலையும் குறுக்குச் சட்டங்களையும் இறக்கும் பெரிய கிட். வெட்டுவதும் வெல்டிங்கும் வரலாம். ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) வண்டிக்கு 2 அங்குலத்தோடு நிறுத்துவது என் யோசனை. நெடுஞ்சாலையில் அதன் மென்மையான ஓட்டத்துக்காக வாங்கியவர்கள் அதையே கெடுத்துக்கொள்வானேன்? 2001 முதல் 2010 வரை வந்த மாடல் வைத்திருந்தால், பெரிய டயர் போடுமுன் ஸ்டீயரிங் பாகங்களான டை ராடையும் பிட்மன், ஐட்லர் ஆர்ம்களையும் பலப்படுத்துங்கள். அந்தத் தலைமுறையின் பலவீனம் அங்கேதான்.

பின்பக்கம் சுருக்கமாக. ஃபோர்டிலும் ஜிஎம்மிலும் லீஃப் ஸ்பிரிங். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைப்பது எளிய வழி. ஒரு பிளாக்கின் மேல் இன்னொன்றை அடுக்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பிளாக் உயர உயர, பாரம் இழுத்துக் கிளம்பும்போது ஆக்ஸில் முறுகி ஸ்பிரிங் வளையும். பாரம் ஏற்றுகிறவர்களுக்குப் புது ஸ்பிரிங் செட்டே சரி. ரேம் 2500-ல் 2014 முதல் பின்னாலும் காயில். லீஃப் வேண்டுமென்றால் 3500-க்குப் போக வேண்டும். லீஃபுக்கென்று செய்த கிட்டை ரேம் 2500-க்கு ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

அப்புறம், இழுவை. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டீசல் எஞ்சினும் நான்கு கதவும் சேர்ந்தால் ஏற்றத்துக்கு மிஞ்சுவது பெரிதாக இருக்காது. 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் சரக்குப் பெட்டிக்குள் மாட்டும் வகை) தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை வண்டிமேல் வைத்தால் 2,400 பவுண்டு போய்விட்டது. லிஃப்ட் கிட்டோ, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் ஏர் பேக்கோ அந்த வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. கனமான டயரும் வீலும் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் தின்னும்.

உயரமும் பிரச்சினைதான். பிக்கப்பின் சரக்குப் பெட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் மூக்குக்கும் நடுவே 6 அங்குலமாவது இடைவெளி வேண்டும். 4 அங்குல லிஃப்டும் 37 டயரும் போட்டால் அந்த இடைவெளி காணாமல் போகும். ஏற்ற இறக்கத்தில் இரண்டும் மோதும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்திச் சமன் செய்த வண்டி பாரம் ஏறியதும் பின்னால் உட்காரும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் பாரத்தோடு நிறுத்தி லைட்டைச் சரிபாருங்கள். அழகுக்காக மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிய வண்டிகளை வட கரோலினா 2021-லும், வர்ஜீனியா 2022-லும், தென் கரோலினா 2023-லும் சட்டம் போட்டே தடுத்துவிட்டன.

டயரின் விளைவு கியரிலும் தெரியும். 33 அங்குல டயரோடு 3.55 விகிதத்தில் ஓடும் வண்டி, 37 போட்டதும் 3.17 விகிதம் உள்ளது போல் இழுக்கும். ஸ்பீடோமீட்டரும் குறைவாகக் காட்டும், அதை மறுபடி அளவமைக்க வேண்டும். மலை ஏற்றத்தில் இழுக்கிறவர்கள் ஆக்ஸிலில் வேறு விகித கியர் போடும் செலவையும் லிஃப்டின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இன்னும் வண்டி வாங்கவில்லையா? அப்படியென்றால் கம்பெனியே உயர்த்தித் தருவதைப் பாருங்கள். ஃபோர்டின் டிரெமர் பேக்கேஜ் 2020-ல் வந்தது. முன்னால் 2 அங்குல லிஃப்டும் 35 டயரும் அதிலேயே உண்டு. ஷெவர்லே 2024-ல் 2500எச்டி-க்கு இசட்ஆர்2 கொண்டுவந்தது: 1.5 அங்குலம், மல்டிமேட்டிக் ஷாக், 35 டயர். ரேமின் பவர் வேகன் காட்டுப் பாதைக்கு மூன்றிலும் கெட்டிக்காரன், ஆனால் மென்மையான ஸ்பிரிங்கினால் இழுவை ஏறக்குறைய 10,500 பவுண்டுக்கு இறங்கிவிடும். சாதாரண ரேம் 2500 டீசல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுக்கும். டிரெய்லர் இருக்கிறவர்களுக்கு டிரெமரைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே எஃப்-250-ஓ ரேமோ வைத்திருந்து, மாதத்தில் சில நாள் டிரெய்லர் இழுத்து, எப்போதாவது மண்பாதையில் இறங்குகிறவர்களுக்கு: எஞ்சினுக்கேற்ற 2.5 அங்குல ஸ்பிரிங், அதற்கான ஷாக், நீளம் மாற்றக்கூடிய டிராக் பார், 35 டயர். போட்ட அன்றே அலைன்மென்ட் செய்து, காஸ்டர் எண்ணைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 500 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கிவிடுங்கள்.