மொரெல்லி கட்சியா, ரேஞ்சர் கட்சியா?

ஜேனட் இவானோவிச்சின் ஸ்டெஃபனி பிளம் துப்பறியும் நாவல்களைப் படித்தவர்கள் சந்தித்தால், கொலையாளி யார் என்பதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். நீங்கள் மொரெல்லி பக்கமா, ரேஞ்சர் பக்கமா என்றுதான் கேட்பார்கள். கதாநாயகி ஸ்டெஃபனியின் மனம் ஊசலாடுவது இந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில்தான். அந்தச் சண்டைக்கான விதை முதல் நாவலிலேயே இருக்கிறது.

1994இல் வந்த 'ஒன் ஃபார் த மணி'யின் களம் நியூஜெர்சியின் டிரென்டன் நகரம். வேலை போய், கையில் காசில்லாத ஸ்டெஃபனி, ஜாமீனில் வந்துவிட்டுக் கோர்ட்டுக்கு டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடித்துத் தரும் வேலைக்குச் சேர்கிறாள். முதலில் பிடிக்க வேண்டிய ஆள் ஜோ மொரெல்லி. போலீஸ்காரன், இப்போது கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன். பள்ளிக் காலத்தில் அவளோடு பழகிவிட்டுக் கைகழுவியவன்; அதற்காக ஒருநாள் அவன்மேல் காரை ஏற்றிக் காலை உடைத்தவள் அவள். பிடித்துக் கொடுத்தால் 10,000 டாலர்.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். காதல், சிரிப்பு, பதற்றம் மூன்றும் ஒரே ஆள்மேல் ஏறி நிற்கின்றன. துப்பாக்கியை நீட்ட வேண்டிய ஆளைப் பார்த்தே மனம் தடுமாறுகிறது. முதல் நாவலின் மொரெல்லியை யாரும் மிஞ்ச முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். இளவயதில் அவன் அவளிடம் நடந்துகொண்ட விதத்தை இன்று படிப்பவர்கள் பலர் மன்னிப்பதில்லை. அவர்கள் கோபமும் நியாயமானதே.

ஆனால் அவன் நிரபராதி என்று தெரிந்ததும் அந்தப் பதற்றம் போய்விடுகிறது. அடுத்தடுத்த நாவல்களில் அவன் அத்தை விட்டுப்போன வீட்டில் குடியேறுகிறான், கையில் கிடைத்ததையெல்லாம் தின்னும் பாப் என்ற நாயை வளர்க்கிறான். கண் வைத்தே ஆளைச் சாய்த்துவிடுவாள் என்று ஊர் பயப்படும் பெல்லா பாட்டியும் அவன் குடும்பம்தான். மொரெல்லி கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் சர்க்கரை. ஸ்டெஃபனியின் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை, சாவு வீட்டில் மூடிய சவப்பெட்டியைத் திறந்து பார்க்கத் துடிக்கும் அவள் பாட்டி மேசூர் என்று போகும் இந்த ஊர்க்கதைக்கு ஏற்ற மாப்பிள்ளை அவன்தான் என்பது அவர்கள் வாதம்.

ரேஞ்சர் கட்சிக்கோ அந்த வீட்டு வாசனையே ஆகாது. முன்னாள் ராணுவ வீரன், எப்போதும் கறுப்பு உடை, அளந்து பேசுவான். எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று முழுசாகத் தெரியாது. முதல் நாவலில் அவளுக்குத் தொழில் கற்றுத் தருபவன், அவ்வளவுதான். மொரெல்லி விட்டுப்போன மர்மத்தை அப்புறம்தான் அவன் எடுத்துக்கொள்கிறான். பன்னிரண்டாவது நாவலான 'ட்வெல்வ் ஷார்ப்'பில் ஒருவன் ரேஞ்சராகவே வேஷம் போட்டு ரேஞ்சரின் மகளைக் கடத்தும்போது, ரேஞ்சர் ரசிகர்கள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. அங்கே கதை உண்மையிலேயே இறுகுகிறது. சிரிப்பிலும் அவனுக்குப் பங்குண்டு. நம்பிக் கொடுக்கும் விலையுயர்ந்த கார்களை அவள் ஒவ்வொன்றாக நாசம் செய்ய, முகம் மாறாமல் நிற்பான்.

ஆசிரியருக்கு இந்தப் பிளவு நன்றாகத் தெரியும். ஐந்தாவதான 'ஹை ஃபைவ்' நாவலை, கதவருகே வந்து நிற்கும் ஆண் இருவரில் யார் என்று சொல்லாமலே முடித்தார். விடை 2000இல் வந்த ஆறாவது நாவல் 'ஹாட் சிக்ஸ்'இல்தான். அந்தத் துணிச்சலை ரசிக்கிறேன். ஆனால் 31ஆவது நாவலிலும், 2024இல், அவள் இருவருக்கும் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு நிற்கிறாள் என்றால், போதும் என்று தொடரைக் கீழே வைத்தவர்களை எப்படிக் குறை சொல்வது? இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க விடாமல் இழுப்பதால் இருவருமே வளராமல் நிற்கிறார்கள்.

இதில் சேராத இன்னொரு கூட்டம், சிரிக்கலாம் என்று முதல் நாவலை எடுத்துத் திடுக்கிட்டவர்கள். ரமிரெஸ் என்ற குத்துச்சண்டை வீரன் பெண்களுக்குச் செய்யும் கொடுமை அதில் பூசி மெழுகாமல் வருகிறது. அந்தப் பயம் இருப்பதால்தான் அதன் சிரிப்பு லேசாகிவிடவில்லை என்பது என் கட்சி.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலாவதைப் படியுங்கள். பிறகு ஐந்தையும் ஆறையும் இடைவெளி விடாமல் படியுங்கள். ரேஞ்சர் பிடித்திருந்தால் பன்னிரண்டுவரை போகலாம்.