பழைய தேக்கு ஜன்னல் நிலையை இலவசமாகக் கழற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம் தேவை

குமரி மாவட்டத்தில் பழைய வீட்டை இடிக்காமல் புதுப்பித்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் ஜன்னலில்தான். தரையை மாற்றினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், கூரையை மாற்றினால் கடன் வாங்க வேண்டும், ஜன்னலை மட்டும் மாற்றினால் சில நாள்களில் அறைக்கு வெளிச்சமும் புதுக்களையும் வந்துவிடும் என்று போடும் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் சிலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். யூபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன ஜன்னல் பொருத்தும் வேலையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை, இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்கள் வீடு குளச்சலுக்கு அருகே, உப்புக்காற்று தடையில்லாமல் வந்து மோதும் இடத்தில், தாத்தா காலத்தில் வெட்டுக்கல்லால் கட்டப்பட்டது. தேக்கு நிலைகளும் அயினி மரப் பலகைக் கதவுகளும் கம்பி அழிகளும் கொண்ட ஜன்னல்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் முற்றத்து மரங்களைச் சாய்த்தபோதும் அவை அசையவில்லை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கதவுகள் ஊறிப் பருத்து, மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. கொசுவலை பொருத்த வசதியில்லை. வயதான அம்மாவால் அவற்றை இழுத்துத் திறக்க முடியவில்லை என்பதால், தள்ளித் திறக்கும் ஜன்னல்களாக மாற்றலாம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்து, நாகர்கோவிலில் பெரிய காட்சிக்கூடம் வைத்திருந்த ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். அவர்கள் தந்த விலைச்சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல், டஃபன்டு கண்ணாடி, கொசுவலையுடன், சதுர அடி 620 ரூபாய். பொருத்துக்கூலி உட்பட. பழைய ஜன்னல்கள் இலவசமாக அகற்றப்படும்." இந்தச் சீட்டில் எழுதப்படாமல் விடப்பட்ட ஒவ்வொன்றிலும் அவர்களுக்குப் பணம் இருந்தது என்பது பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

முதலில் மரம். வேலை தொடங்கிய அன்று அண்ணனும் நானும் அலுவலகத்தில் இருந்தோம். நிலைகளை எல்லாம் பெயர்த்து முடித்ததும் ஒரு சிறிய லாரி வந்திருக்கிறது. "அம்மா, இந்தக் குப்பைய நீங்க எங்க கொண்டு போடுவிய? நாங்களே ஏத்திக்கிட்டுப் போயிருவோம்" என்று மேற்பார்வையாளர் சொல்ல, அம்மா அவர்களுக்கு நன்றி சொல்லித் தேநீரும் போட்டுக் கொடுத்திருக்கிறார். உடைந்த காரையும் கல்லும் மூட்டை மூட்டையாக எங்கள் முற்றத்திலேயே கிடந்தன. அவற்றை அள்ள நாங்கள்தான் தனியாக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. குப்பை என்று பெயர் சூட்டப்பட்ட மரம் மட்டும் மூலைகளில் சாக்கு சுற்றி, கயிறு கட்டி, கீறல் விழாத பக்குவத்தில் லாரியில் ஏறியதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார்.

நான்கு அடி அகலமும் நாலரை அடி உயரமும் நடுச்சட்டமும் கொண்ட ஒரு நிலையில், சட்டம் ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலம் என்று கொண்டால், ஏறத்தாழ 2 கன அடி தேக்கு இருக்கும். கதவுப் பலகை தனி. நன்றாக விளைந்து, பல பத்தாண்டுகள் காய்ந்து, இனி முறுக்கவோ வெடிக்கவோ போகாத பழைய தேக்கு, கன அடிக்கு ஆயிரக்கணக்கில் விலைபோகும் பொருள். எங்கள் ஊர் மூத்தாசாரியிடம், அதாவது தலைமைத் தச்சரிடம், நிலைகளின் அளவைச் சொன்னபோது அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மரத்தக் கொண்டு போனவனுக்குக் கோளுதான் மக்களே" என்றார். கோளு என்றால் எதிர்பாராத லாபம். கதவின் ஓரங்களை இழைத்துவிட்டு, உள்பக்கம் வலைக்கதவு ஒன்று சேர்த்திருந்தால் போதுமே என்றும் கேட்டார். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சாளரங்கள் இதே இரண்டு பருவமழைகளையும் சந்தித்துக்கொண்டு நிற்பதை நாம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். ஆனால் ஜன்னல் விற்கும் காட்சிக்கூடத்தில் இந்த யோசனையை யாரும் சொல்லப்போவதில்லை. மரத்தைத் திருப்பிக் கேட்டு நாங்கள் தொலைபேசியில் பேசியபோது, "இலவசமாக அகற்றினால் மரம் எங்களுக்கு, அதுதான் வழக்கம்" என்று பதில் வந்தது. அப்படியொரு வழக்கம் இருந்தால் அதைச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். நிலையில் கைவைக்கும் முன் எல்லா ஜன்னல்களையும் அளவு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, கழற்றிய மரம் வீட்டுக்காரருக்கே உரியது என்று எழுதி வாங்கிய பிறகே ஆளை உள்ளே விடுங்கள்.

மரம் போனதோடு முடிந்திருந்தால் பண இழப்பு என்று விட்டிருக்கலாம். வெட்டுக்கல் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, மேற்சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல வீடுகளில் தடித்த மரப்பலகை ஒன்று அந்த வேலையைச் செய்யும். சில வீடுகளில் நிலையின் மேற்சட்டமே மேலுள்ள சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். எங்கள் மேற்குப்புற அறையில் இரண்டாவது வகை. வந்தவர்கள் அதைப் பார்க்கவுமில்லை, முட்டுக்கொடுக்கவுமில்லை. தேக்கை உருவிவிட்டு, அந்த இடத்தில் பாரம் தாங்குவதற்கென்று செய்யப்படாத யூபிவிசி சட்டத்தைச் செருகி, இடைவெளியில் நுரையை அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குள் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டு போல ஒரு விரிசல் கிளம்பியது. மேற்சட்டம் நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்ததால், கதவு பாதித் தூரத்தில் சிக்கி நின்றது. இழுத்துத் திறக்க முடியாத அம்மாவுக்காக மாற்றிய ஜன்னலை இப்போது அண்ணனாலும் திறக்க முடியவில்லை. நிறுவனத்தில் கேட்டால், சுவர் பழையது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடைசியில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் சுவருக்கு முட்டுக்கொடுத்து, சட்டத்தைக் கழற்றி, இரு பக்கமும் அரை அடிக்குக் குறையாமல் சுவரில் அமரும்படி வார்த்த லிண்டலைச் செருகி, மீண்டும் பூசித் தந்தார். ஜன்னலுக்குக் கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு வேலைக்கு மறுபடியும் செலவானது. பழைய வீட்டுக்காரர்கள், ஜன்னல் நிறுவனத்தாரை அழைக்கும் முன்பு ஒரு நல்ல கொத்தனாரை அழைத்து, மேற்பூச்சைச் சற்றுத் தட்டி, நிலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அளவில் செய்தது சிறிய தந்திரம். நான்கு அடிக்கு நாலரை அடி என்றால் 18 சதுர அடி. ஆனால் அவர்கள் பூச்சு உடைந்த பிறகு கிடைத்த திறப்பை அளந்து, ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த அரை அடிக்கு ஏற்றி, நாலரைக்கு ஐந்து என்று 22.5 சதுர அடிக்குப் பணம் போட்டிருந்தார்கள். ஒரு ஜன்னலுக்கு 2,790 ரூபாய் கூடுதல். பொருத்தப்படும் சட்டத்தின் வெளி அளவுக்கே பணம் என்று ஒரு வரி எழுதி வாங்கினால் இது நடக்காது.

இனி ஜன்னலைப் பற்றி. யூபிவிசி சட்டம் உள்ளே வெற்றறைகள் கொண்ட ஒரு குழல். பெரிய ஜன்னல் காற்றில் வளையாமல் இருக்க, அந்த அறைக்குள் துத்தநாகம் பூசிய எஃகுத் தண்டைச் செருகித் திருக வேண்டும். காட்சிக்கூடத்தில் அவர்கள் வெட்டிக் காட்டிய மாதிரித் துண்டில் எஃகு பளபளவென்று இருந்தது. ஆடிக்காற்று தொடங்கியதும் எங்கள் ஜன்னல் கதவுகள் நடுவில் உள்ளும் வெளியுமாக அசைவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. திருவனந்தபுரத்தில் கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கொண்டுவந்து, சட்டத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தார். எங்கும் பிடிக்கவில்லை. கைப்பிடி திருகப்பட்டிருந்த இடத்துக்கு வந்ததும் டப்பென்று ஒட்டியது. அங்கிருந்து ஒரு சாண் கீழே இழுத்ததும் மறுபடி கையோடு வந்துவிட்டது. திருகு பிடிப்பதற்கு மட்டும் ஒரு துண்டு, மற்ற இடமெல்லாம் வெறும் குழல். எல்லா ஜன்னல்களிலும் இதே கதை. சட்டம் சுவரில் ஏறிய பிறகு எஃகை உள்ளே செருக வழியில்லை. ஆகவே ஜன்னல்கள் லாரியிலிருந்து இறங்கும்போதே கையில் காந்தத்தோடு நில்லுங்கள். அவர்களுக்கு அது பிடிக்காது. பிடிக்காமல் போனால் என்ன?

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த்தடத்தில் மழைநீர் விழத்தான் செய்யும், அது வெளியே வடிய தடத்தில் துளைகள் வேண்டும். எங்கள் ஜன்னல்களில் துளைகள் இருந்தன. ஆனால் வெளிப்புறம் சிலிகோன் பசை பூசியவர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார். தென்மேற்குப் பருவமழையின் முதல் பெருஞ்சாரலில் தடம் நிரம்பி, தண்ணீர் உள்பக்கம் வழிந்து, அம்மாவின் மெத்தை நனைந்தது. வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைத் தடத்தில் ஊற்றி, அது வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். திருகுகளும் சாதாரண இரும்பு. சில மாதங்களிலேயே வெள்ளைச் சட்டத்தில் செம்பழுப்புக் கோடுகள் வழியத் தொடங்கின. கடலோர ஊர்களில் துருப்பிடிக்காத எஃகு என்று தரத்தோடு எழுதி வாங்காவிட்டால் இதுதான் வரும்.

கண்ணாடி விஷயத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. டஃபன்டு கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியான சிறு துண்டுகளாக உதிரும். அதற்காகத்தான் கூடுதல் விலை. எங்கள் ஜன்னல் கதவு ஒன்று காற்றில் அடித்து உடைந்தபோது, கத்தி போன்ற நீளத் துண்டுகள் அண்ணன் மகள் விளையாடும் திண்ணையில் விழுந்து கிடந்தன. அந்த நேரத்தில் குழந்தை அங்கே இல்லை. டஃபன்டு கண்ணாடியின் மூலையில் வழக்கமாகத் தயாரிப்பாளரின் அழியாத முத்திரை இருக்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் அணிந்து பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால், புள்ளிகளோ மங்கலான பட்டைகளோ தெரியும். எங்கள் கண்ணாடிகளில் இரண்டும் இல்லை.

இவற்றை எல்லாம் எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில்கள் இந்தத் தொழிலின் அமைப்பைப் புரியவைத்தன. சட்டத்துக்கான குழலை உருவாக்குவது ஒரு பெரிய நிறுவனம், அதை வாங்கி அளவுக்கு வெட்டி மூலைகளை உருக்கி ஒட்டுவது ஒரு பட்டறை, விற்பது காட்சிக்கூடம், பொருத்துவது கூலிக்கு வரும் குழு. நம் கையில் தரப்படும் நீண்டகால உத்தரவாத அட்டை பெரும்பாலும் முதலாமவரின் குழலுக்கு மட்டும் உரியது, அதுவும் நிறம் மங்குதல் போன்ற குறைகளுக்கு. எஃகு இல்லை என்றால் காட்சிக்கூடம் பட்டறையைக் காட்டுகிறது, பட்டறை நம்மை யாரென்றே தெரியாது என்கிறது, பொருத்திய குழு வேறு ஊருக்குப் போய்விட்டது. வெட்டியது, ஒட்டியது, பொருத்தியது அனைத்துக்கும் விற்றவரே பொறுப்பு என்று அவர்களுடைய கையொப்பத்துடன் எழுதி வாங்காத உத்தரவாதத்தால் பயனில்லை.

ரசீது விஷயத்திலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும், ரொக்கமாகக் கொடுங்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். அண்ணன் மறுத்து வங்கி வழியாகவே அனுப்பினார். அப்படியும் வரியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு தாள்தான். அவர்களுடைய அட்டையில் அச்சிட்டிருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடியபோது, பதிவு ஏற்கெனவே ரத்தானது என்று வந்தது. இந்த எண் 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் கேரளப் பதிவு 32 என்றும் தொடங்கும். எல்லை மாவட்டமான நமக்கு இரு பக்கத்திலிருந்தும் ஆள்கள் வருவார்கள் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன்பே எண்ணைத் தேடி, அதில் வரும் வணிகப் பெயரும் கடைப் பலகையின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். நிறுவனம் பதில் தரவில்லை. பிறகு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது வெளியூர் நிறுவனங்களிடம் ஏமாந்தவர்களுக்குப் பெரிய வசதி. ரசீது தராமல் விட்டதால் தப்பிவிடலாம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வங்கிப் பரிமாற்ற விவரமும், வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பிய விலைச்சீட்டும், காந்தம் நழுவும் காணொளியும், உடைந்த கண்ணாடித் துண்டுகளும் எங்களிடம் இருக்கின்றன.

சென்ற வாரம் பொதுவான ஒருவர் மூலமாக ஒரு சமாதானம் வந்தது: புகாரைத் திரும்பப் பெற்றால் கண்ணாடிகளை மாற்றித் தருவார்களாம், வலைகளையும் புதிதாகப் போடுவார்களாம். எஃகைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. பழைய குடும்பப் படங்களில் தெரியும் ஜன்னல்களை வைத்து, மூத்தாசாரி ஒவ்வொரு நிலைக்கும் கன அடிக் கணக்கும் இன்றைய விலையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார். அந்தத் தொகையையும் சேர்த்தால்தான் பேச்சு என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார்.