நகவெட்டியா, மயக்க மருந்தா? நோயுற்ற கினிபிக்குக்கு எந்த வழி நல்லது

எங்கள் வீட்டில் பொரி என்று ஒரு பெண் கினிபிக் (புல் தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி, கினிப் பன்றி என்றும் சொல்வார்கள்) இருக்கிறாள். நன்றாக இருந்த நாளில் 940 கிராம். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே கூண்டுக் கம்பியில் முன்னங்கால் வைத்து எழுந்து விசிலடிப்பாள். ஒரு நாள் அப்படித்தான் ஓடி வந்தாள். தண்டை வாயில் வாங்கி இரண்டு முறை மென்றாள், கீழே போட்டுவிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் ஒரே ஈரம். பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடத்தில் பல், சிறுநீர், மூச்சு மூன்றையும் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதைச் செய்தால் இவள் இன்று ராத்திரி சாப்பிடுவாளா? கினிபிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் குடல் நின்றுபோகும், கல்லீரலும் கெட ஆரம்பிக்கும். மூல நோயை விடப் பட்டினியே முந்திக்கொண்டு கொன்றுவிடும்.

முன்பல்லை நறுக்குவதா, கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதா

கினிபிக்குக்கு மொத்தம் 20 பல். முன்னால் நான்கு, கடைவாயில் பதினாறு. எல்லாமே ஆயுள் முழுக்க வளரும். நம் கண்ணுக்குத் தெரிவது முன்பல் மட்டும் என்பதால் அது நீண்டிருந்தால் அதையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். நாங்கள் முதலில் போன இடத்தில் நாய்க்கு நகம் வெட்டும் கருவியால் முன்பல்லை நறுக்கி, ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கும் பொரி சாப்பிடவில்லை. ஒரு பல் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

பெரும்பாலும் கோளாறு உள்ளே இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் மாதிரி மூடிவிடும். நாக்கை அசைக்க முடியாமல் விழுங்குவது நின்றுபோகும். மெல்லாததால் முன்பல்லும் தேயாமல் நீள்கிறது. ஆகவே முன்பல்லை மட்டும் வெட்டுவது விளைவைத் தொட்டுவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது.

மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்து, சிறு உருளைக் கருவியால் கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பது இரண்டாவது வழி. செலவு அதிகம். இவ்வளவு சிறிய உயிருக்கு மயக்க மருந்து ஆபத்தானதும்கூட. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேலை செய்வது இதுதான். இதற்கு முன் மண்டையோட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வேர் நீண்டு தாடை எலும்பைக் குத்திக்கொண்டிருந்தால் மேலே தேய்த்துப் பயனில்லை. நாய், பூனை மாதிரி முந்தின இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். கினிபிக் வாந்தி எடுக்காது. வாயில் தங்கிய உணவைக் கழுவி எடுப்பதுதான் முக்கியம், நீண்ட பட்டினி கெடுதல். பல் ஒரு தடவை கோணிவிட்டால் பல கினிபிக்குகளுக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். முடிவெடுக்கும் முன் அந்தச் செலவையும் சேர்த்து யோசியுங்கள்.

சிரிஞ்சில் எதை ஊட்டுவது

நோயுற்ற தாவர உண்ணிகளுக்கென்றே நார்ச்சத்துள்ள பொடி விற்கிறார்கள். இங்கே எளிதில் கிடைக்காது, விலையும் கடிக்கும். இன்னொரு வழி, வழக்கமான பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்துக் குழைப்பது. பொடிதான் மேல். நார் அதிகம், சிரிஞ்சில் அடைக்காது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பொடி இல்லையே என்று காலை வரை காத்திருக்காதீர்கள், பெல்லட் குழம்பு போதும். பால், செரிலாக், சோற்றுக் கஞ்சி மூன்றும் வேண்டாம்.

அளவு: எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 80 மில்லி, அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து. 1 மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, கால் மில்லி விடுங்கள். தாடை அசையும் வரை நிறுத்துங்கள். பொரி முதல் நாள் தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் என் சட்டையில் வடித்தாள். மூன்றாம் நாள் சிரிஞ்சைத் தானே இழுத்தாள். மல்லாக்கப் போட்டு மட்டும் ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

டிமோத்தியா, உள்ளூர்ப் புல்லா

பல்லைத் தேய்ப்பது காய்ந்த புல்தான். பெல்லட் அந்த வேலையைச் செய்யாது. இறக்குமதியாகும் டிமோத்தி என்ற காய்ந்த புல் நல்லது, விலை அதிகம். காய்ந்த ஓட்ஸ் புல் அதற்கு இணை. அருகம்புல் கழுவிப் போட்டால் அருமையாகத் தின்னும், ஆனால் பச்சைப் புல்லைத் திடீரென்று நிறையப் போட்டால் வயிறு கெடும். வைக்கோலில் சத்து இல்லை, படுக்கத்தான் சரி. குதிரை மசால் வளரும் குட்டிக்கு நல்லது. பெரியதற்குக் கால்சியம் கூடுதல், அது நேராகச் சிறுநீர்க் கதைக்குக் கொண்டுபோகும்.

கல்: அறுவையா, காத்திருப்பதா

கினிபிக்கின் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக இருக்கும். காய்ந்ததும் லேசாக வெள்ளை படியும். விரலில் தேய்த்தால் மணல் போல நெருடினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக்கொண்டு கத்தினாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெண்ணுக்குக் கருப்பையிலிருந்தும் இரத்தம் வரலாம்.

நாய், பூனைக்குச் சிலவகைக் கற்களை உணவாலேயே கரைத்துவிடுவார்கள். கினிபிக்குக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அது கரையாது. வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். ஆணுக்குக் குழாயில் கல் அடைத்துச் சிறுநீரே வரவில்லை என்றால் அது அவசரம், மணிக்கணக்கு. பெண்ணுக்குக் குழாய் குட்டையானது என்பதால் சின்னக் கல் தானே வெளியே வர வாய்ப்பு உண்டு. பொரிக்கு இருந்தது கடுகை விடச் சற்றுப் பெரியது. மருத்துவர் வலி மருந்து கொடுத்து, காத்திருக்கலாம் என்றார். எட்டாம் நாள் துணி விரிப்பில் கிடந்தது. பட்டாணி அளவு என்றால் நான் அறுவையைத்தான் எடுத்திருப்பேன், திரும்ப வரக்கூடும் என்று தெரிந்தும்.

கீரையிலும் வித்தியாசம் உண்டு. அகத்தி, முருங்கை இரண்டிலும் கால்சியம் மிக அதிகம், கல் வந்த கினிபிக்குக்கு வேண்டாம். கினிபிக்கின் உடல் நம்மைப் போலவே வைட்டமின் சி தயாரிக்காது. கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். அதற்குக் குடைமிளகாய்த் துண்டு, கொய்யாவை விட நல்லது, சர்க்கரை குறைவு. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சீக்கிரம் வீரியம் இழந்துவிடும்.

மூச்சு: வாய் மருந்தா, நெபுலைசரா

இங்கே போட்டியே இல்லை. பாக்டீரியா தொற்று என்றால் ஆன்டிபயாடிக்தான் மருந்து, மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் துணை. வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தையின் அமாக்சிசிலின் சிரப்பை ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். வாய்வழி பென்சிலின் வகை, கிளிண்டாமைசின் எல்லாம் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமியைப் பெருக்கிக் கொன்றுவிடும். யூகலிப்டஸ் போட்டு ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். கினிபிக் மூக்கால்தான் மூச்சுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள்.

ஒரு பக்கக் கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் சளி என்று முடிவு கட்டாதீர்கள். மேல்பல் வேர் நீண்டாலும் அப்படி வடியும்.

கூண்டில் மரக்கடைத் தூள் மலிவு, ஆனால் அந்தத் தூசியும் பைன் மர வாசனையும் மூச்சுக்குழாயை அரிக்கும். ஃப்ளீஸ் துணி விரித்தால் தினமும் புழுக்கை கூட்டி, இரண்டு மூன்று நாளில் துவைக்க வேண்டும். அந்த வேலைக்கு நேரமில்லை என்றால் காகிதப் படுக்கை எடுங்கள். மூத்திர நெடி நம் மூக்குக்கே எட்டினால் தரையோடு ஒட்டி வாழும் அதற்கு எவ்வளவு எரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். பொரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள், தின்கிறாள் என்று நாங்கள் நம்பினோம். இரைவிலங்கு நோயை மறைக்கும். நோய் இருந்தால் தினமும், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை எடை எழுதுங்கள். 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், 100 குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். எங்களுக்குத் தராசு வந்தபோது அவள் 790.