வாடகை கிளஸ்டர்ல டிஎஃப்டி ஓட்டின கதை

தண்ணிய வெயில்லயே ஹைட்ரஜன், ஆக்ஸிஜனா பிரிக்கிற டூடி (ஒரு சில அணு தடிமனே இருக்கிற) மெட்டீரியல டிஎஃப்டில, அதாவது எலக்ட்ரான் நடத்தைய கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற முறைல, தேட ஒரு கிளவுட் கிளஸ்டர் வாடகைக்கு எடுத்து மூணு மாசம் ஆச்சு. டிஎஃப்டில சிம்பிளான பிபிஇ வகை கணக்குன்னா சும்மா பறக்குது, ஒத்தை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு எல்லாம் எழுந்து ஒரு நடை போயிட்டு வர்றதுக்குள்ள ரிலாக்ஸ் ஆகிடும் (அணுக்கள் நிலையான இடத்துல உக்காந்துடும்). ஆனா பிபிஇ பேண்ட் கேப்ப (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளிய) குறைச்சு தானே காட்டும், நமக்கு கேப் 1.23 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல வேணும், அதோட பிஹெச் 0ல வேக்குவம் லெவல வச்சுப் பாத்தா கண்டக்‌ஷன் பேண்ட் (கேப்புக்கு மேல இருக்கிற பட்டை) அடி -4.44க்கு மேலயும் வேலன்ஸ் பேண்ட் (கீழ இருக்கிற பட்டை) உச்சி -5.67க்கு கீழயும் நிக்கணும், அதனால எச்எஸ்இ06ங்கிற, துல்லியமான ஆனா கனமான ஹைப்ரிட் கணக்க ஓட்டியே ஆகணும்.

அங்கதான் வண்டி மக்கர் பண்ணுது. 11 மணி நேரம் ஓடின ஜாப் மெமரி பத்தாம செத்துப்போச்சு, லாக் ஃபைல் கடைசில "கில்ட்"னு ஒரே வார்த்தை, காசு மட்டும் முழுசா கழிச்சிட்டாங்க. வேவ்ஃபங்ஷன் ஃபைல (விட்ட இடத்துலேர்ந்து தொடர உதவுறது) எழுதச் சொல்லாம விட்டது என் தப்புதான், ஒத்துக்குறேன். சப்போர்ட்ல கேட்டா கே-பாயிண்ட்ட (கணக்குக்கு எடுத்துக்கிற மாதிரிப் புள்ளிகள) குறைங்கன்னு காப்பி பேஸ்ட் பதில். இஷ்டத்துக்கு குறைச்சா பேண்ட் எட்ஜ் நகந்துடும்ங்க, 0.1 வித்தியாசத்துல தேற வேண்டியது ஃபெயில் ஆயிடும்!

பிபிஇல மேலோட்டமா வடிகட்டுற ஸ்கிரீனிங்குக்கு மட்டும்னா இந்த கிளஸ்டர தாராளமா எடுங்க, ஹைப்ரிட் ஓட்டணும்னா பெரிய மெமரி நோட் இருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கங்க.