காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: பழைய மரச்சாமானைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பதில் மரம் பெரும்பாலும் பழையது. சாமான் பல நேரம் புதியது. இந்த வேறுபாடு தெரிந்து போனால் தமிழ்நாட்டில் பழம்பொருள் வாங்க இதைவிட நல்ல தெரு குறைவு. தெரியாமல் போனால், பழைய நிலைக்கதவை அறுத்து நேற்றுச் செய்த மேசைக்கு நூறு வருட விலை கொடுத்துத் திரும்புவீர்கள். கணக்குப்பெட்டி, பிரம்பு நாற்காலி, பெட்டகம், ஊஞ்சல் பலகை, கதவு, தூண், பித்தளைக் கொண்டி, எனாமல் பாத்திரம் ஆகியவற்றுக்கு இந்தத் தெருவைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சாப்பாட்டு மேசைக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் பரிந்துரைக்க முடியாது.

இவ்வளவு தேக்கு ஓர் ஊரில் குவிந்ததற்குக் காரணம் பர்மா. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் வட்டித்தொழில் நடத்திய காலத்தில் தூணும் உத்திரமும் கதவும் கப்பலில் வந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் அறுந்தது. பிறகு ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலரானார்கள். பராமரிக்க முடியாத வீடுகள் இடிபட்டு, நிலை முதல் அஞ்சறைப்பெட்டி வரை வியாபாரிகள் கைக்கு வந்தன. இடித்த வீட்டில் அதிகம் கிடைப்பது உத்திரமும் கதவும் தூணும்தான். நாற்காலி மேசை குறைவு. ஆனால் கடைக்கு வருகிறவர் கேட்பது நாற்காலியும் மேசையும். அந்த இடைவெளியைப் பட்டறைகள் நிரப்புகின்றன.

செட்டிநாட்டு வீட்டில் பந்தி தரையில் போட்டது. எட்டுப் பேர் உட்காரும் தேக்குச் சாப்பாட்டு மேசை எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? அரிது. ஆகவே அங்கே நிற்கிற நீள மேசைகளில் பெரும்பகுதி கதவுப் பலகையில் செய்தவை. சோபாவுக்கு முன்னால் போடும் தாழ்ந்த காபி மேசையும் அந்தக் காலத்து வீட்டுச் சாமான் அல்ல. உயரமான மேசையின் காலை வெட்டியிருப்பார்கள், அல்லது ஜன்னலுக்குக் கால் வைத்திருப்பார்கள். செருப்பு அலமாரி, ஒயின் ரேக், டிவி ஸ்டாண்ட் எல்லாம் இதே ரகம். இவை மோசமான பொருள்கள் என்று சொல்லவில்லை. முற்றிய தேக்கு இன்னும் ஒரு தலைமுறைக்கு அசையாது. “பழைய மரம், புதுசா செஞ்சது” என்று நேராகச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தைரியமாக வாங்கலாம். விலையை மட்டும் மரத்துக்கும் கூலிக்கும் பேசுங்கள், வயதுக்குப் பேசாதீர்கள்.

மாற்றிச் செய்ததைக் கண்டுபிடிக்க முன்பக்கம் உதவாது. கடைக்காரரிடம் கேட்டுச் சாமானைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். டார்ச், டேப், சின்னக் காந்தம் மூன்றும் கையில் இருக்கட்டும். கவிழ்த்ததும் தேட வேண்டியது, காரணமில்லாத வெட்டுகள்: கீல் இல்லாத இடத்தில் கீல் பதித்த பள்ளம், பூட்டே இல்லாத பலகையில் பூட்டுத் துளைக்கு வைத்த ஒட்டு, எதுவும் செருகாத கழுந்துத் துளை (மூட்டில் மரமுனை செருகும் குழி), வரிசையாக மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த ஆணி ஓட்டைகள். இவை அந்தப் பலகையின் முந்தைய பிறவியைக் காட்டிக்கொடுக்கும். இரும்பு ஆணி வெகுநாள் இருந்த இடத்தில் தேக்கில் கருநீலக் கறை ஊறியிருக்கும். ஆணி இல்லாமல் கறை மட்டும் இருந்தால் மரம் வேறெங்கிருந்தோ வந்தது.

அறுத்த தடத்தையும் பாருங்கள். இருவர் இழுத்த ரம்பம் ஒரே சாய்வில் விழாத, இடைவெளி ஒழுங்கில்லாத கோடுகளை விடும். வட்ட ரம்பம் வில் போன்ற கோடுகளை விடும். வில் கோடு இருந்தாலே புதுசு என்று முடிவுகட்டாதீர்கள்; பர்மாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே நீராவி அறுவை மில்கள் இருந்தன. ஆனால் அடிப்பக்கம்கூட எமரி மெஷின் ஓடிய மாதிரி மழமழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணில் படாத பக்கத்தை அந்தக் கால ஆசாரி இழைக்க மாட்டார். இழைப்புளி ஓடிய இடத்தில் விரலைக் குறுக்கே தேய்த்தால் லேசான அலை தெரியும்.

மூட்டுகளில் பசையைப் பாருங்கள். பழைய பசை வஜ்ரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது: பழுப்பாக, கண்ணாடி போல உடைந்து உதிரும். வெள்ளையாகவோ ரப்பர் போலவோ பிதுங்கிக் காய்ந்திருந்தால் அது ஃபெவிகால் வகை. ஃபெவிகால் சந்தைக்கு வந்ததே 1959இல். ஒரு மூட்டில் மட்டும் இருந்தால் பழுது பார்த்தது, எல்லா மூட்டிலும் இருந்தால் முழுக்கப் புதுசு. ஸ்க்ரூ தலையில் பிளஸ் குறி இருந்தால் 1930களுக்குப் பிந்தையது. பழைய மூட்டுகளில் மூங்கில் ஆணியோ மர ஆணியோ இருக்கும். பலகை நூறு வெயில் கண்டு சுருங்கும், ஆணி அதன் நீளவாக்கில் சுருங்காது. அதனால் ஆணித்தலை முடி அளவு வெளியே துருத்தும். விரல் வைத்தால் தட்டுப்படும். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும் என்பதால், வட்ட மேசையை ரேகையோடு ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் டேப் வைத்து அளந்தால் பழையதில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒரு நூல்கூட மாறாத வட்டம் இளமையான வட்டம்.

இந்தத் தெருவின் சிறந்த சரக்கு கணக்குப்பெட்டி. சாய்ந்த மூடி, உள்ளே சிறு அறைகள், சிலவற்றில் பலகையைத் தள்ளினால் திறக்கும் மறைவறை. கணக்கப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு எழுதிய பெட்டி இது. எனவே தேய்மானம் எங்கே விழ வேண்டும் என்று யோசிக்கலாம்: மணிக்கட்டு உரசிய முன்விளிம்பில், மூடியைத் தூக்கிய நடுப்பகுதியில், தரையில் இழுபட்ட அடிவிளிம்பில். நான்கு மூலையும் ஒரே அளவுக்கு மழுங்கியிருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. அறைகளின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வெளிறி, காய்ந்து, மைக்கறையோடு இருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பூசியிருக்கிறார்கள். அந்தப் பழுப்பு மேல்தோலில் மட்டும் நிற்கும். அடியில் நகத்தால் கீறினால் வெளிர்மரம் தெரியும். டிராயர் உள்ளவற்றில் டிராயரின் பக்கப்பலகை அடிவிளிம்பும் அது ஓடும் சட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தித் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் இரண்டில் ஒன்று மாற்றியது.

நாற்காலிக்கு வருவோம். பிரம்பு பின்னிய பழைய நாற்காலியில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்பு துளைக்குத் துளை கையால் கோத்தது. துளை இல்லாமல் சட்டத்தில் ஒரு பள்ளம் ஓடி, அதற்குள் பின்னல் விரிப்பை அழுத்திக் குச்சி அடித்திருந்தால் அது மெஷின் பின்னல். துளைகளும் இருந்து பள்ளமும் இருந்தால் பிற்காலத்தில் மாற்றியது. பிரம்பு அறுந்திருப்பது பெரிய குறை அல்ல, மீண்டும் பின்னலாம். ஆனால் ஆறு பக்கம் கோக்கும் பின்னலுக்குக் கூலி அதிகம். அதைக் கேட்டு விலையில் கழியுங்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே சட்டம் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள், புதுப் பிரம்பின் இழுவிசையை அது தாங்காது. சாய்வு நாற்காலியில் இரண்டு கைகளையும் பிடித்து மூலைவிட்டமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மூட்டைப் பிரித்துப் பசை மாற்றினால் சரியாகும். மூட்டுக்குள் குறுக்கே இரும்பு ஆணி அடித்திருந்தால் பிரிக்கும்போது கழுந்து உடையும்.

மரம் எது என்பதில்தான் அதிகம் ஏமாற்றம். நல்ல பழைய தேக்கைக் கீறினால் தோல் வாசனை கலந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வெட்டுமுகத்தில் வளையங்கள் நெருங்கியிருக்கும். வேகமாக வளர்ந்த தோட்டத்தேக்கில் வளையங்கள் அகலம், ஓரத்தில் வெள்ளை (மரத்தின் வெளிப்புற இளம்பகுதி) அதிகம். தோதகத்தி (ரோஸ்வுட்) என்று சாயமடித்த கருவேல மரத்தைக் காட்டினால் எடையைப் பாருங்கள், பிறகு கீறுங்கள். தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ, தோதகத்தி 24 கிலோ. கருவேலும் கனம்தான் என்பதால் எடை மட்டும் போதாது; தோதகத்தியின் ஊதாக் கருங்கோடு மரத்தின் உள்ளே வரை ஓடும், சாயம் ஓடாது.

பூச்சி ஓட்டை வயதுக்குச் சான்றிதழ் அல்ல. ஓட்டைக்குக் கீழே மாவு போல வெளிர்த்தூள் உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. வீட்டில் உள்ள மற்ற மரத்தின் வெள்ளைப்பகுதிக்கும் அது பரவும். இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பூச்சி மரத்துக்குள் சுரங்கம் போடும், வெளியே வட்டத் துளை மட்டும்தான் தெரிய வேண்டும். மேற்பரப்பிலேயே வாய்க்கால் மாதிரி சுரங்கம் திறந்து கிடந்தால், பூச்சி அரித்த பிறகு அந்தப் பலகையை அறுத்திருக்கிறார்கள். ஒரு வாய்க்கால் போதும், “அப்படியே எடுத்து வந்த சாமான்” என்ற பேச்சு முடிந்தது.

தெருவைப் பற்றிய பெரிய வருத்தம் பாலிஷ். சில பட்டறைகளில் பழைய பூச்சை எடுக்கக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கழுவுகிறார்கள். தேக்கு கறுத்து நாராகும், வஜ்ரம் கரைந்து மூட்டு விடும், உப்பு உள்ளே தங்கிப் பின்னால் புதுப் பாலிஷை உரிக்கும். அதன்மேல் எமரி மெஷின் போட்டால் செதுக்கின் முனைகள் சோப்பு போல மழுங்கும். செதுக்கிய ஆசாரியின் உளி விட்ட கூர்மை ஒருமுறை போனால் எந்தக் காசுக்கும் திரும்பாது. ஆகவே கடைமுகப்பில் பளபளக்கும் சாமானைவிட, பின்னால் கிடங்கில் தூசியோடு கிடப்பதைக் கேளுங்கள். விலையும் குறையும், குறைகளும் மறையாமல் தெரியும். மேற்பூச்சு அரக்குப் பாலிஷா என்று பார்க்க, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தேயுங்கள்: அரக்கு கரைந்து பஞ்சில் ஒட்டும், இன்றைய பூச்சுகளான மெலமைனும் பியூவும் (பாலியூரித்தேன்) அசையாது.

ஊஞ்சல் பலகையின் வெட்டுமுகத்தில் வளையக்கோடு ஓரத்திலிருந்து ஓரம் தொடர்ந்து ஓடினால் ஒரே பலகை. நடுவில் கோடு திசை மாறினால் ஒட்டியது. சங்கிலியில் காந்தம் ஒட்டினால் இரும்புக்குப் பித்தளை முலாம். உண்மைப் பித்தளையாக இருந்தாலும் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பாருங்கள். பாதி தேய்ந்திருந்தால் சுவரில் அழகுக்கு மாட்டலாம், ஆள் உட்காரக் கூடாது. ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோவில், கண்ணாடியில் பேனா முனையை வைத்து முனைக்கும் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் கண்ணாடியின் கனம் தெரியும். கறுத்த புள்ளிகள் பழைய ரசத்தின் அடையாளம். மாற்றாமல் விடுவதே நல்லது. கட்டிலுக்கு மெத்தை அளவை முதலில் அளந்து போங்கள், பழைய கட்டில்கள் இன்றைய 78 × 60 அங்குலத்துக்கு ஒத்துவராது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து, உங்கள் கையெழுத்தைச் சாக்பீஸில் போட்டு, அதையும் படமெடுங்கள். பாலிஷுக்குப் போய் வரும்போது சாமான் மாற இடமுண்டு. பில்லில் மரத்தின் பெயரும், பழையதா பழைய மரத்தில் புதிதாகச் செய்ததா என்பதும் எழுதியிருக்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாய்ப்பேச்சு வயதை நம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு: 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பழையதாகத் தோன்றும் புதுச் சாமானுக்கும் தொல்லியல் துறையிடமிருந்து இது பழம்பொருள் அல்ல என்ற சான்று வாங்கினால்தான் சுங்கத்தில் தடையிராது. தோதகத்திக்கு அதற்கு மேல் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாடும் உண்டு. தந்தம் பதித்த பெட்டி என்று காட்டினால் தொடக்கூட வேண்டாம், அதன் வியாபாரமே குற்றம்.

காரைக்குடிக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறக்குறைய 90 கி.மீ. காலை வெளிச்சத்தில் போங்கள். லாரியில் ஏற்றும்போது கழற்றக்கூடிய கண்ணாடி, மார்பிள் பலகை, பித்தளைக் குமிழ் எல்லாம் தனித்தனியாகக் கட்டப்பட வேண்டும். மார்பிளைப் படுக்க வைக்கக் கூடாது, செங்குத்தாக நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதம் ஏசி அறையில் வைக்காதீர்கள். கதவுப் பலகைகள் சட்டத்துக்குள் பசையில்லாமல் நழுவுவதற்காகச் செருகியவை. ஏசிக் காற்றின் வறட்சியில் சுருங்கி இடைவெளி விட்டால் பதறிப்போய் ஃபெவிகால் ஊற்றிவிட வேண்டாம். ஐப்பசி மழைக்கு அந்த இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.