மீதி 465

ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பர்ஸில் இன்னும் ஒரு பஸ் டிக்கெட் கிடக்கிறது. இயந்திரத்தில் அடித்துக் கிழித்த வழவழப்பான தாள் என்பதால் முன்பக்கம் இருந்த கும்பகோணமும் தஞ்சாவூரும் மங்கி, சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. பின்பக்கம் மட்டும் நீலப் பேனாவில் பளிச்சென்று 465. அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் 430.

டிக்கெட்டின் முதுகில் மீதியை எழுதிக் கொடுப்பது என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதி வாங்கியவன் அதன் பிறகு தூங்கக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது. கண்டக்டரின் தோல் பையையே பார்த்துக்கொண்டு வர வேண்டும். இருபது வருடத்தில் நான் மறந்துபோனது அந்த ஒன்றைத்தான்.

விமானம், சுங்கம், பெட்டி வந்து சேர்ந்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வம்பு தொடங்கியது ஏடிஎம்மில். பத்தாயிரம் கேட்டேன். இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் மொடமொடவென்று வந்து விழுந்தன. நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ தரும் தட்டு ஒன்றாவது நூற்றுக்கு எழுபத்தைந்து ஏடிஎம்களில் 2025 செப்டம்பர் முடிவதற்குள் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருந்தது. நான் போய் நின்றது மிச்சமிருக்கிற இருபத்தைந்தில் ஒன்று. எனக்கு அப்படித்தான் அமையும்.

மறுநாள் காலை மகாமகக் குளத்துப் பக்கம் நடந்துபோய் ஒரு கடையில் டிகிரி காபி வாங்கினேன். பித்தளை டபரா, நுரை, அடியில் ஒட்டியிருந்த சர்க்கரை, எல்லாம் பழைய மாதிரியே இருந்தன. விலை மட்டும் 25 ரூபாய். ஐந்நூறை நீட்டினேன். கடைக்காரர் அதை வாங்கக்கூட இல்லை. ஏதோ கல்யாணப் பத்திரிகையை நீட்டியதுபோல் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"சில்லறை இல்லையே சார். ஸ்கேன் செய்துவிடுங்கள்."

கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. நான் நின்றிருந்த ஐந்து நிமிடத்தில் அது பத்துத் தடவையாவது ரூபாய் பெறப்பட்டதாக அறிவித்தது. கீரை விற்கிற அம்மாவும் கொடுத்தார், கல்லூரிப் பையனும் கொடுத்தான். கும்பகோணத்தில் காபிக்குக் காசு கொடுக்கத் தெரியாமல் நின்றது நான் ஒருவன்தான்.

இந்த அவமானத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் நான் எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் மத்திய வங்கி 2023-ல் எடுத்த கணக்குப்படி, அங்கே அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் 51 சதவீதம் இன்னும் ரொக்கம்தான். எங்கள் தெரு ரொட்டிக்கடையில் பத்து யூரோவுக்குக் குறைந்தால் அட்டையை வாங்க மாட்டார்கள். மீதி ஒரு சென்ட் என்றாலும் அந்தச் செப்பு நிறக் காசைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைப்பார்கள். வேண்டாம் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பதினெட்டு வருடமாக அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நண்பர்களிடம் கேலி செய்துவந்தவன் நான்.

"பரவாயில்லை சார், நாளைக்குக் கொடுங்கள்" என்றார் கடைக்காரர். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மனம் நெகிழ்ந்துபோனது. பற்று நோட்டுக் காலம் இன்னும் போய்விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்கு எட்டு வைப்பதற்குள் எரிச்சலும் வந்துவிட்டது. வந்த முதல் நாளே 25 ரூபாய்க் கடன்காரன்.

அக்காவிடம் சில்லறை வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அக்கா ரொக்கம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள். அவள் பர்ஸைத் திறந்தால் ஒரு விபூதிப் பொட்டலம், ஆதார் நகல், உண்டியலுக்கென்று முடிந்துவைத்த பதினொரு ரூபாய். "உன் போனிலேயே போட்டுக்கொள்ளேன்டா" என்றாள், மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வதுபோல்.

போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொள்ள மாட்டேனா? வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து செயலி ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்; அது போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு திறக்கும். என் பழைய எண் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துவிட்டது. வெளிநாட்டு எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் வழி திறந்தார்கள். முதலில் அறிவித்த பத்து நாடுகளில் சிங்கப்பூர் இருந்தது, அமெரிக்கா இருந்தது, ஓமன்கூட இருந்தது. ஜெர்மனி இல்லை. துபாயிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் டீக்கடை டீக்கடையாக ஸ்கேன் செய்துகொண்டு திரிவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

ஆகவே புது சிம் வாங்கிக்கொண்டு, கணக்கு இருக்கிற தஞ்சாவூர்க் கிளைக்கே போய் எண்ணை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை. சில்லறைத் தொல்லைக்கு முடிவு கட்டப் புறப்பட்ட பயணம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 35 ரூபாய். முன் சீட்டுப் பையன் கண்டக்டர் கையிலிருந்த இயந்திரத்திலேயே போனைக் காட்டி டிக்கெட் வாங்கினான். நான் ஐந்நூறை எடுத்தேன். கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தாளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, காதிலிருந்த பேனாவை எடுத்து டிக்கெட்டின் பின்னால் எழுதினார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் காலை முதல் டிரிப்பில் பெரிய நோட்டு நீட்டினால் பஸ் முழுக்கக் கேட்கும்படி அர்ச்சனை நடக்கும்.

பாபநாசத்தில் கூட்டம் ஏறி கண்டக்டர் மறைந்துபோனார். அய்யம்பேட்டை தாண்டியதும் இருபுறமும் சம்பா பழுத்து நின்றது. வெயில் பட்டு ஒரே பொன்னிறம். இதைப் பார்க்கத்தானே எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தோம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பழைய பஸ் நிலையத்தில் இறங்குகிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன். "டேய், கதம்பம் நாலு முழம் வாங்கிக்கொண்டு வா, இங்கே நன்றாக இல்லை." சரி என்று சொல்லிக்கொண்டே இறங்கி, சாலையைக் கடந்து, வங்கிக்குள் போய், டோக்கன் எடுத்து உட்கார்ந்து, டோக்கனை வைக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோதுதான் டிக்கெட் தட்டுப்பட்டது.

வங்கிக் கதை சின்னது. படிவம், புகைப்படம், பாஸ்போர்ட் நகல், மூன்று கையெழுத்து. "ஏழு வேலை நாள் ஆகும் சார்." வியாழன் முதல் ஞாயிறு வரை பொங்கல் விடுமுறை. எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அந்த அலுவலரும் கூடவே எண்ணினார். இருவருக்கும் ஒரே விடைதான் வந்தது.

இனி 465 ரூபாய்க்கு வருவோம். நாலரை யூரோகூட இல்லை. ஸ்டுட்கார்ட்டில் அந்தப் பணம் தொலைந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். தஞ்சாவூரில் விட மனம் வரவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டுபோல் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் புதிய பஸ் நிலையத்துக்குப் போயிருக்கும். ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் 200 கேட்டார். 465-ஐத் துரத்த 200. இந்தக் கணக்கை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இறங்கியதும் மறுபடி ஐந்நூறு. ஆட்டோக்காரர் முகம் சுளிக்கவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு துணிப் பையை எடுத்தார். முப்பது பத்து ரூபாய் நாணயங்கள், எண்ணி முடிந்துவைத்தவை. நான் யோசிப்பதற்குள் பை என் கையில் இருந்தது, ஆட்டோ இல்லை.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊரில் எவனோ கிளப்பிவிட்ட புரளிக்கு ரிசர்வ் வங்கி 2018-லேயே பதில் சொல்லிவிட்டது: இதுவரை வந்த பதினான்கு வடிவங்களும் செல்லும். பஸ் நிலைய டீக்கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்களுக்குச் செல்லும் சார், எனக்குச் செல்லாது. நான் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?" என்றார். ரிசர்வ் வங்கியிடம் இதற்குப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

டைம் கீப்பர் தங்கமான மனிதர். டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்து, "பஸ் ஷெட்டுக்குப் போயிருக்கிறது, மூன்று நாற்பதுக்கு எடுப்பார்கள், உட்காருங்கள்" என்றார். இரண்டு மணி நேரம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில் ரயில் பதினைந்து நிமிடம் தாமதமானால் புகார்க் கடிதம் எழுதுகிறவன்.

நடுவில் கூடையோடு ஒரு அம்மா வந்தார். கதம்பம் முழம் நாற்பது. மருவும் மரிக்கொழுந்துமாக மணம் ஆளைத் தூக்கியது. தயங்கித் தயங்கிப் பதினாறு நாணயத்தை எடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். "வாங்கிக்கொள்வீர்களா அம்மா?" என்று அபத்தமாகக் கேட்டேன். "சர்க்கார் அடித்த காசுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு, பழைய அளவுப்படி முழங்கையில் அளந்து, ஐந்தாவதாக ஒரு சாண் கூடுதலாகவும் விட்டுக் கிள்ளிக் கொடுத்தார். அந்த ஒரு சாணுக்கு உலகில் எந்தக் கடையிலும் ரசீது கிடையாது.

மூன்று நாற்பது பஸ் நான்கு மணிக்கு வந்தது. அதே கண்டக்டர். டிக்கெட்டை நீட்டுவதற்கு முன்பே அவர் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், எத்தனை தடவை கூப்பிட்டேன்! போனைக் காதில் வைத்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் போனால் நான் என்ன செய்வது?"

பதில் இல்லை. தப்பு என்னுடையதுதான். அவர் பேனாவை எடுத்தார். 465-ஐ அடித்தார். "திரும்பிப் போகிற டிக்கெட் முப்பத்தைந்து போகட்டும். நானூற்று முப்பது. பையில் இருக்கிற சில்லறை அடுத்த டிரிப்புக்கு வேண்டும் சார். என் போனிலிருந்து அனுப்பிவிடுகிறேன், உங்கள் எண் சொல்லுங்கள்."

பஸ்ஸில் அத்தனை பேர் முன்னிலையில், போனில் பணம் வாங்க எனக்கு வசதி இல்லை என்று சொன்னேன். பக்கத்து சீட்டுப் பாட்டி பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் அக்கா வீட்டுக்காரரின் எண்ணைச் சொன்னேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. அத்தான் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, எவனோ எனக்கு நானூற்று முப்பது அனுப்பியிருக்கிறான், எதற்கென்று தெரியவில்லை. திருட்டுக் கும்பல் இப்படித்தான் முதலில் அனுப்புமாம். நான் தொடவே இல்லை."

விளக்கிச் சொல்வதற்குள் பாபநாசம் வந்துவிட்டது.

அந்தப் பணம் இன்னும் அத்தானின் கணக்கில்தான் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்க அவரிடமும் சில்லறை இல்லை. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் காபிக்கடைக் கடன் அடியோடு மறந்துபோய், பிராங்க்பர்ட்டில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்து குடும்பக் குழுவில் எழுதினேன். அரை மணியில் அத்தானின் பதில் வந்தது: "காபிக்கடைக்கு 25 போட்டுவிட்டேன் மாப்பிள்ளை. மீதி 405."